செத்த கிருமியின் விஷம்: ரிச்சர்ட் ஃபைஃபர் சரித்திரம்

கிருமியைக் கொன்றுவிட்டால் வியாதி ஒழிந்தது என்று எண்ணுவது ஜனங்களின் இயல்பு. எதிரி மாண்டான், இனிப் பயமில்லை என்பது யுத்தகளத்துக்குப் பொருந்தலாம். சரீரத்துக்குள் நடக்கும் யுத்தத்தில் அது எப்பொழுதும் பொருந்துவதில்லை. மாண்ட கிருமியின் உடலே விஷமாக நின்று மனிதனைக் கொல்லக்கூடும் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி எடுத்துக் காட்டியவர் ஜெர்மானிய வைத்தியரான ரிச்சர்ட் ஃபைஃபர். பாஸ்டர், கோக் என்ற பெயர்களை நம் பள்ளிச் சிறுவர்களும் அறிவார்கள். கோக்கின் வலக்கையாக விளங்கிய இவருடைய பெயரோ வைத்தியக் கலாசாலைகளுக்கு வெளியே அதிகமாகக் கேட்பதில்லை. இவர் செய்த பிழையொன்று இவர் பெயரைச் சுமந்துகொண்டு உலகமெங்கும் சுற்றி வந்தது. இவர் கண்ட பெரிய உண்மையோ, கண்டவர் யாரென்ற விசாரணையே இல்லாமல் ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் தினந்தோறும் நடமாடி வருகிறது. பம்பாயில் பிளேக் கோரத்தாண்டவம் ஆடிய காலத்தில் நம் தேசத்துக்கு வந்து ஊழியம் செய்தவர் என்ற முறையிலும் இவர் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர்.

1858-ம் வருஷம் மார்ச் 27-ந் தேதி, அந்நாளில் பிரஷ்ய ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த போஸன் மாகாணத்தில் ஸ்துனி என்னும் சிற்றூரில் ஃபைஃபர் பிறந்தார். தகப்பனார் பிராடெஸ்டெண்டு மதபோதகர். மைந்தர் பெர்லினிலுள்ள ராணுவ வைத்தியக் கலாசாலையில் சேர்ந்து, 1880-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். சர்க்கார் செலவில் படித்துப் பின்னர் சைனியத்தில் வைத்தியராக இத்தனை வருஷம் ஊழியம் செய்து கடனைத் தீர்ப்பது அக்கலாசாலையின் விதி. ஃபைஃபரும் அவ்வாறே ராணுவ வைத்தியராக ஊர் ஊராகச் சென்றார். இக்காலத்தைப் பற்றி விரித்துச் சொல்ல அதிகமில்லை. 1887-ல் அவர் பெர்லினுக்குத் திரும்பி ராபர்ட் கோக்கிடம் உதவியாளராக அமர்ந்த பிறகே அவருடைய உண்மையான வாழ்க்கை ஆரம்பமாயிற்று.

கோக் அப்பொழுது கீர்த்தியின் சிகரத்தில் இருந்தார். க்ஷயரோகக் கிருமியை 1882-லும், எகிப்துக்கும் கல்கத்தாவுக்கும் வந்து ஆராய்ந்து காலராக் கிருமியை 1884-லும் வெளிப்படுத்தியவர் அவர். 1891-ல் அவருக்கென்று பெர்லினில் தொத்துவியாதி ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்று ஏற்பட்டது. பேரிங், எர்லிக், ஜப்பானியரான கிடஸாடோ முதலியோர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த இடம் அது. அவர்கள் நடுவே விஞ்ஞானப் பகுதியின் தலைவராக ஃபைஃபர் நியமிக்கப்பட்டார்.

அக்காலத்தில் சாஸ்திரிகளுக்குள் நடந்த வழக்கு இது: கிருமி மனிதனைக் கொல்வது எவ்விதம்? கொலை நடந்தது நிச்சயம், கொலைகாரன் இன்னான் என்பதும் நிச்சயம், ஆனால் ஆயுதம் எது? டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் விஷயத்தில் 1888-ல் பாரிஸில் ரூவும் எர்ஸினும் ஒரு பதில் கண்டார்கள். கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாத தெளிவை மிருகங்களுக்கு ஏற்றினாலும் அவை வியாதியின் லக்ஷணங்களோடு மாண்டன. அதாவது கிருமி தன் விஷத்தை வெளியே கக்குகிறது. 1890-ல் பேரிங்கும் கிடஸாடோவும் அவ்விஷத்தை முறிக்கும் சக்தி இரத்தத்தில் உண்டாவதைக் காட்டினார்கள். விஷமும் தெரிந்தது, மாற்றும் தெரிந்தது. இனி ஒவ்வொரு கிருமிக்கும் இதே வழியில் விஷத்தைப் பிடித்து, மாற்றைத் தயாரித்துவிடலாம் என்று எல்லோரும் உற்சாகம் கொண்டனர்.

காலராவை எடுத்துக்கொண்டார் ஃபைஃபர். அதற்கு அவசியமும் இருந்தது. 1892-ல் ஹாம்பர்க் நகரில் காலரா புகுந்து எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டுபோயிற்று. அதே வருஷம் அக்டோபரில் மியூனிக் நகரத்தின் கிழச் சிங்கமான பெட்டன்கோபர், கிருமி மட்டும் காலராவை உண்டாக்கும் என்ற கோக்கின் கொள்கையைப் பொய்யாக்குவதற்காக, காலராக் கிருமி நிறைந்த திரவத்தை எல்லோரும் அறியக் குடித்தார்! அவருக்கு லேசான பேதியோடு போயிற்று. அவருடைய தைரியத்தை மெச்சலாம், வாதத்தை மெச்சுவதற்கில்லை. ஒருவர் பிழைத்தார் என்பதால் ஆயிரக்கணக்கில் மாண்டவர்களின் சாக்ஷியம் தள்ளுபடியாகிவிடாது.

ஃபைஃபர் செய்த சோதனைகள் பார்வைக்கு மிக எளியவை. காலராக் கிருமியை இளஞ்சூட்டினாலும், குளோரோபாரம் முதலிய சரக்குகளாலும் கொன்றார். செத்த கிருமிகளைக் கினிப்பன்றிகளின் வயிற்றறைக்குள் ஏற்றினார். உயிர்க் கிருமி ஒன்றும் இல்லாதிருந்தும் அவை உடல் குளிர்ந்து, சோர்ந்து, சில மணி நேரத்தில் மாண்டன. கிருமிகளை வடிகட்டி நீக்கிய தெளிவிலோ அவ்வளவு விஷம் அவருக்கு அகப்படவில்லை. டிப்தீரியா விஷம் சூட்டில் அழிந்துபோகும் ஸ்வபாவமுடையது. இந்த விஷமோ சூட்டை லக்ஷ்யம் செய்யவில்லை. ஆகவே ஃபைஃபர் ஒரு முடிவுக்கு வந்தார். இவ்விஷம் கிருமி உமிழ்ந்த விஷமன்று. கிருமியின் உடலோடு ஒட்டிக் கிடப்பது. கிருமி சிதைந்து கரையும்போது வெளிப்படுவது. என்டோடாக்ஸின் என்று பிற்பாடு வழங்கலான இதை உள்விஷம் என்று நாம் தமிழில் சொல்லலாம். ஏறக்குறைய அதே காலத்தில் இத்தாலியில் செந்தன்னி என்ற பண்டிதரும் வேறு பல கிருமிகளிலிருந்து ஜுரத்தை உண்டாக்கும் ஒரு வஸ்துவைப் பிரித்தெடுத்து, ஜுரமும் விஷமும் அதில் பிரிக்க முடியாதபடி கூடி நிற்பதைக் கண்டார். இருவரும் ஒரே யானையைத் தடவிப் பார்த்தவர்களே.

1894-ல் ஃபைஃபருக்கு அடுத்த பெருங்கீர்த்தி கிடைத்தது. காலராவை வெல்லும் சக்தி ஏற்படுத்தப்பட்ட கினிப்பன்றியின் வயிற்றறைக்குள் உயிருள்ள கிருமிகளை விட்டு, சில நிமிஷங்களுக்கு ஒரு தரம் மெல்லிய கண்ணாடிக் குழலால் ஒரு துளி எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்து வந்தார். மீன்குஞ்சுபோல் ஓடித் திரிந்த கிருமிகள் முதலில் அசைவற்று நின்றன. பிறகு உருண்டு திரண்டு மணிகளாயின. பிறகு உப்பு நீரில் கரைவதுபோல் மறைந்துபோயின. அந்தப் பிராணியின் இரத்தத் தெளிவைச் சாதாரணக் கினிப்பன்றிக்குச் செலுத்தினால் அதன் வயிற்றறையிலும் இதே அற்புதம் நிகழ்ந்தது. காலராவுக்கு ஏற்பட்ட தெளிவு காலராக் கிருமியை மட்டுமே கரைக்கும். அதைப்போன்ற வேறு கிருமியைத் தொடாது. எனவே ஒரு கிருமி காலராக் கிருமிதானா அல்லவா என்று தீர்மானிப்பதற்கு இது உரைகல்லாயிற்று. ஃபைஃபர் நிகழ்ச்சி என்றே இதற்குப் பெயர். மறுவருஷமே பாரிஸில் போர்டே இதைப் பிராணியின் உடலுக்கு வெளியே, கண்ணாடிக் குழாயிலேயே நடத்திக் காட்டினார். அவ்வழியே சென்று அவர் 1919-க்குரிய நோபல் பரிசும் பெற்றார். ஃபைஃபரின் பெயர் அப்பரிசுக்குப் பலமுறை சிபாரிசு செய்யப்பட்டும் ஒருமுறையும் கைகூடவில்லை.

ஆனால் இந்த அற்புதத்துக்குள் ஓர் அபாயம் பதுங்கியிருந்ததை ஃபைஃபர் கவனித்தார். அவருடைய கூர்மைக்கு இதுவே உத்தம சான்று என்பது நம் அபிப்பிராயம். கிருமிகளின் அளவை மிகுதியாக்கினால், சக்தி பெற்ற பிராணி கிருமிகளையெல்லாம் கரைத்துவிட்டது. கரைத்த பிறகு அதுவும் மாண்டது. வயிற்றறையில் உயிர்க் கிருமி ஒன்றுகூட இல்லை. வெற்றி பூரணம், வென்றவனோ பிணம்! கரைந்த கிருமிகளின் உள்விஷம் முழுவதும் ஒரே நேரத்தில் அவிழ்ந்துவிட்டதே காரணம். பேரிங் வழியில் இவ்விஷத்துக்கு மாற்றுத் தயாரிக்கலாமென்று முயன்றவர்கள் வெற்றி காணவில்லை. கிருமியைக் கொல்வது வேறு, அதன் விஷத்தை முறிப்பது வேறு என்ற பேதம் இங்கே வெளிப்பட்டது.

அந்த விஷம் ரஸாயன ரீதியில் எத்தகைய வஸ்து என்பது ஃபைஃபரின் காலத்தில் விளங்கவில்லை. கிருமிகளில் ஒரு பெரும் வகுப்புக்கு இரட்டை உறை உண்டு. 1884-ல் டென்மார்க்கு தேசத்தவரான கிராம் ஒரு சாயமேற்றும் முறையை வகுத்தார்; அச்சாயத்தைப் பிடித்து நிறுத்தாமல் விட்டுவிடுவன இந்த வகுப்புக் கிருமிகளே. காலரா, டைபாய்டு, பிளேக், குடலில் வசிக்கும் கோலி கிருமி எல்லாம் இதில் சேரும். இவற்றின் வெளியுறையில்தான் உள்விஷம் இருக்கிறது. பெயர் உள்விஷமானாலும் வாசம் வெளித்தோலில்! 1933-ல் பிரெஞ்சுக்காரரான புவாவின் முதலியோரும், 1952-ல் ஜெர்மனியில் வெஸ்ட்பாலும் லூடெரிட்ஸும் அதைப் பிரித்தெடுக்கும் முறைகளைக் கண்டனர். பின்னவர்கள் சூடான பினாலையும் தண்ணீரையும் கலந்து கிருமிகளைக் கழுவி, புரதக் கலப்பின்றி அதை எடுத்தார்கள். அதில் மூன்று பகுதிகள் தெரிந்தன. வெளியே நீண்டு தொங்குவது சர்க்கரைச் சங்கிலி. இது கிருமிக்குக் கிருமி வேறுபடும். ஃபைஃபர் கண்ட தெளிவு அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் இதைத்தான். நடுவில் ஒரு சர்க்கரைக் கணு. அடியில், உறையில் வேரூன்றி நிற்பது ஒரு கொழுப்பு. அதற்கு லிப்பிட் ஏ என்று பெயரிட்டார்கள். விஷம் முழுவதும் இந்தக் கொழுப்பிலேயே இருக்கிறது.

அதன் அமைப்பை ஒருவாறு சொல்லலாம். குளுகோஸமைன் என்னும் சர்க்கரையில் இரண்டு, கை கோத்து நிற்கின்றன. இரு முனைகளிலும் ஒவ்வொரு பாஸ்பேட். அந்த ஜோடியிலிருந்து, கோலி கிருமியில், ஆறு கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் 12 அல்லது 14 கரி அணுக்கள். இந்த அமைப்பு 1983-ல்தான் பூரணமாகத் தெளிவாயிற்று. பிறகு ஜப்பானில் ஒஸாகா சர்வகலாசாலையில் ஷிபாவும் குஸுமோடோவும் கிருமியின் உதவியே இல்லாமல் சோதனைச்சாலையில் இவ்வஸ்துவைக் கட்டி முடித்தார்கள். கையால் செய்த சரக்கும் கிருமியின் சரக்கைப்போலவே ஜுரத்தையும் மரணத்தையும் விளைவிப்பது 1985-ல் நிரூபணமாயிற்று. கிருமி உடலில் ஒளிந்திருந்த வேறு ஏதோ அழுக்கே விஷம் என்று அதுவரை சந்தேகித்தவர்களின் வாய் அன்றோடு அடைபட்டது. ஆறு சங்கிலிகளில் இரண்டைக் கழித்து நான்காக்கினால் மனிதனிடத்தில் விஷம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. பூரண விஷத்தைத் தடுக்கும் குணம்கூட உண்டாகிறது. ஒரு பாஸ்பேட்டை நீக்கினாலோ கொடுமை வெகுவாகக் குறைந்து, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் குணம் நிற்கிறது. அப்படித் திருத்தப்பட்ட கொழுப்பு, ஸ்திரீகளின் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசிமருந்து ஒன்றில் சேர்க்கப்பட்டு, 2007-ல் ஐரோப்பாவில் அங்கீகாரம் பெற்றது.

இவ்விஷம் எப்படிக் கொல்லுகிறது? பாம்பின் விஷம் நரம்பையோ இரத்தத்தையோ நேரே தாக்குகிறது. லிப்பிட் ஏ அப்படி ஒன்றையும் தாக்குவதில்லை. அது நம் சரீரத்தின் காவல்காரனைத் தட்டியெழுப்புகிறது, அவ்வளவே. காவல்காரன் போடும் கூச்சலில் ஜுரம் எழும்புகிறது. இரத்தக் குழாய்கள் தளர்கின்றன. இரத்த அழுத்தம் வீழ்கிறது. கண்ட கண்ட இடத்தில் இரத்தம் உறைகிறது. கூச்சல் எல்லை மீறினால் வீட்டுக்காரன் மாள்கிறான். உள்விஷத்துக்குச் சற்றும் அசையாத ஒரு ஜாதிச் சுண்டெலி வெகுநாளாகச் சாஸ்திரிகளுக்குப் புதிராக இருந்தது. அதன் அணுக்களில் உள்விஷத்தை உணரும் கருவி பழுதுபட்டிருப்பதை அமெரிக்காவில் ப்ரூஸ் பாய்ட்லர் 1998-ல் வெளிப்படுத்தி, 2011-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். விஷம் தீண்டாத பாக்கியசாலி என்று அந்தச் சுண்டெலியை நினைத்துவிட வேண்டாம். இவ்வகுப்பைச் சேர்ந்த உயிர்க் கிருமிகள் சிலவற்றைக் கொடுத்தாலே அது மாண்டுபோகும். காவல்காரன் உறங்கும் வீட்டில் திருடனுக்குத் தடை ஏது?

மனிதன் இவ்விஷத்துக்கு எத்தனை மெல்லியவன் என்பது ஆச்சரியம். சரீர எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் இரண்டு நான்கு பங்கு இரத்தத்தில் சேர்ந்தால் போதும், குளிரும் ஜுரமும் வந்துவிடும். நரம்பு வழியே உப்பு நீர் ஏற்றும் சிகிச்சை பரவிய காலத்தில், நன்றாகக் காய்ச்சிய நீரை ஏற்றினாலும் நோயாளிகள் நடுங்கி ஜுரத்தில் வீழ்ந்தார்கள். காரணம் புரியாமல் வைத்தியர்கள் திகைத்தார்கள். 1923-ல் ப்ளாரென்ஸ் ஸீபர்ட் என்ற மாது, தண்ணீரில் முன்னே வளர்ந்து செத்துப்போன கிருமிகளின் மிச்சமே காரணம் என்று நிரூபித்தார். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். கிருமியின் கொழுப்பு சாகாது. கண்ணாடிச் சாமான்களிலிருந்து அதை ஒழிக்க 250 டிகிரி உலர்ந்த சூட்டில் அரைமணி நேரம் வைக்கவேண்டும். இன்று ஊசிமருந்து எதுவும் உள்விஷச் சோதனையில் தேறாமல் வெளிவருவதில்லை.

அந்தக் கொழுப்பின் பாஸ்பேட்டுகளைப் பற்றிக்கொண்டு கிருமியின் உறையைக் கிழிக்கும் மருந்து ஒன்றும் உண்டு. கோலிஸ்டின் என்பது அதன் பெயர். மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது. கிருமிகள் சளைக்கவில்லை. பாஸ்பேட்டின்மீது மூடி போட்டுக்கொள்ளும் வித்தையைக் கற்றன; அவ்வித்தை ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது என்பது 2015-ல் சீனாவில் வெளியாயிற்று. இவ்வளவு அருமையான மருந்தைக் கோழிகள் கொழுப்பதற்காகத் தீனியில் கலந்து கொண்டிருந்தவர்களை என்னவென்று சொல்வது! 2019 ஜூலையில் இந்திய சர்க்கார், உணவுக்காக வளர்க்கப்படும் பிராணிகளுக்கு அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடுத்து உத்தரவிட்டது. உள்விஷத்துக்கு நேர் மாற்றோ இன்றும் இல்லை. லிப்பிட் ஏயைப் போலவே உருவம் செய்து, காவல்காரனின் காதை அடைக்கத் தயாரித்த மருந்து ஒன்று, சுமார் 2,000 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, மரணத்தைக் குறைக்கவில்லை என்று 2013-ல் முடிவாயிற்று. ஃபைஃபரின் கினிப்பன்றி கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

ஃபைஃபர் தேடிப் புறப்பட்டது காலராவின் விஷத்தை என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவர் கண்டதோ காலராவுக்குத் தனியாக உரியதன்று. காலரா நோயாளி மாள்வது உள்விஷத்தால் அல்ல. சரீரத்தின் நீரெல்லாம் பேதியாக இறங்கி வற்றிப்போவதால். அதை விளைவிப்பது கிருமி கக்கும் வேறொரு விஷம், புரத வகையைச் சேர்ந்தது. ஃபைஃபரின் அதிகாரம் பெரிதாயிருந்தமையால், அதற்குப் பின் வந்தவர்கள் அறுபது வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் கிருமியின் உடலிலேயே காலரா விஷத்தைத் தேடிக் கொண்டிருந்தார்கள். மயக்கத்தைத் தெளிவித்தவர் நம்மவர். கல்கத்தாவில் சம்புநாத் தே முயலின் குடலில் ஒரு துண்டைக் கட்டி, அதற்குள் கிருமியை விட்டு, நீர் சுரந்து குடல் புடைப்பதை 1953-ல் காட்டினார். 1959-ல் கிருமியை வடிகட்டி நீக்கிய தெளிவு மட்டுமே அவ்வாறு செய்வதை நிரூபித்தார். கோக் காலராக் கிருமியை ஊர்ஜிதம் செய்த அதே நகரத்தில், 75 வருஷத்துக்குப் பின், மிகச் சாதாரண உபகரணங்களோடு இது நடந்தது. நோபல் பரிசு அவரையும் எட்டவில்லை. அவர் 1985-ல் காலமானபோது அவரை அறிந்த இந்தியர் எத்தனை பேர்? கிருமியின் உடலிலேயே விஷத்தைத் தேடியவர்களைக் குறை சொல்லும் நாம், வீட்டிலிருந்த ரத்தினத்தை அறிந்தோமா?

ஃபைஃபரின் கதைக்குத் திரும்புவோம். 1896-ல் அவரும் கொல்லேயும் சூட்டினால் கொன்ற டைபாய்டு கிருமியை மனிதருக்கு ஊசி மூலம் ஏற்றி, அவர்கள் இரத்தத்தில் எதிர்ப்பு உண்டாவதைக் காட்டினார்கள். அதே வருஷம் இங்கிலாந்தில் ஆல்ம்ராத் ரைட்டும் அவ்வாறே செய்தார். முதன்மை யாருக்கு என்று இரு தேசத்தாரும் வாதாடினர். அதில் நாம் புகவேண்டியதில்லை. அந்தப் பழைய டைபாய்டு ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் கை வீங்கி ஜுரத்தோடு படுத்ததை வயது முதிர்ந்தவர்கள் அறிவார்கள். அந்த ஜுரம் ஃபைஃபர் கண்ட உள்விஷத்தின் கைவரிசையே.

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் வெளிப்பட்டது. மறுவருஷம் ஜெர்மன் சர்க்கார் காப்கியின் தலைமையில் ஒரு கமிஷனை அனுப்பியது. ஃபைஃபர் அதில் ஓர் அங்கத்தினர். தென்னாப்பிரிக்காவிலிருந்து கோக்கும் வந்து சேர்ந்துகொண்டார். ருஷ்யாவில் பிறந்த யூதரான ஹாப்கின், கொன்ற பிளேக் கிருமியை 1897 ஜனவரியில் முதலில் தம் சரீரத்திலேயே ஏற்றிச் சோதித்துவிட்டுப் பம்பாய் ஜனங்களுக்குக் குத்தி வந்த காலம் அது. கமிஷனார் பிணங்களை அறுத்துப் பார்த்தும், பிராணிகளைச் சோதித்தும் பெரிய அறிக்கை ஒன்று தயாரித்தனர். தெள்ளுப்பூச்சியே எலியிடமிருந்து வியாதியைக் கொண்டுவருகிறது என்ற சூக்ஷ்மம் அவர்களுக்கு அகப்படவில்லை. அது 1898-ல் கராச்சியில் ஸிமோன் என்ற பிரெஞ்சுக்காரருக்கு அகப்பட்டது. அந்த 1897-ம் வருஷத்தை நம் நாட்டார் வேறு காரணங்களுக்காகவும் மறக்கமுடியாது. பிளேக் தடுப்பு என்ற பெயரால் வீடு புகுந்து நடந்த அட்டூழியங்களின் பயனாக ஜூன் 22-ந் தேதி புனாவில் ராண்டு துரை சுடப்பட்டார். கேசரியில் எழுதியதற்காக லோகமான்ய திலகர் செப்டம்பரில் 18 மாதச் சிறைத் தண்டனை அடைந்தார். விஞ்ஞானிகள் கிருமியை விசாரித்துக் கொண்டிருந்த வேளையில் சர்க்கார் ஜனங்களை விசாரித்துக் கொண்டிருந்தது.

பிளேக் கிருமியின் தந்திரம் பின்னர் தெரியவந்தது. தெள்ளுப்பூச்சியின் குளிர்ந்த உடலில் இருக்கையில் அதன் லிப்பிட் ஏயில் ஆறு சங்கிலிகள் உண்டு. மனிதனுடைய 37 டிகிரி உஷ்ணத்துக்குள் வந்ததும் அது பெரும்பாலும் நான்கு சங்கிலிகளோடு உறையைத் தைத்துக்கொள்கிறது. காவல்காரனுக்கு நான்கு சங்கிலிக் கொழுப்பு சரியாகத் தெரிவதில்லை. அவன் விழித்துக்கொள்வதற்குள் கிருமி கோடிக்கணக்கில் பெருகிவிடுகிறது. 37 டிகிரியிலும் ஆறு சங்கிலிகளே செய்யும்படி மாற்றப்பட்ட பிளேக் கிருமி, சுண்டெலிகளைக் கொல்லும் திறமையை இழந்துவிட்டதாக 2006-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. பம்பாயில் பிளேக் கிருமியைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து நோக்கிய ஃபைஃபரின் கண்ணெதிரே, அவருடைய உள்விஷமே வேஷம் மாறி உட்கார்ந்திருந்தது!

இனி அவருடைய பிழைக்கு வருவோம். 1889-ல் ருஷ்யாவிலிருந்து கிளம்பிய இன்புளூயன்ஸா ஜுரம் ஐரோப்பாவைச் சூறையாடியது. நோயாளிகளின் கபத்தில் மிகச் சிறிய கிருமி ஒன்றை ஃபைஃபர் கண்டு, அதுவே காரணம் என்று 1892-ல் பிரகடனம் செய்தார். கோக்கின் சீடர், பிழைக்கமாட்டாதவர் என்ற நம்பிக்கையில் உலகம் ஏற்றுக்கொண்டது. ஃபைஃபர் கிருமி என்ற பெயரும் நிலைத்தது. 1918-ல் மகா இன்புளூயன்ஸா வந்தபொழுது வைத்தியர்கள் எல்லாத் தேசங்களிலும் அக்கிருமியைத் தேடினார்கள். பலரிடம் இருந்தது, பலரிடம் இல்லவே இல்லை. இல்லாவிட்டால், தேடியவரின் கைத்திறமையைத்தான் சந்தேகித்தார்கள்! அமெரிக்காவில் அக்கிருமியைக் கொண்டு ஊசிமருந்துகூடத் தயாரித்துக் குத்தினார்கள். இந்தியாவில் மட்டும் அந்த ஜுரத்துக்கு ஒரு கோடிக்கு மேல் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. உண்மைக் காரணம் பூதக்கண்ணாடிக்கு எட்டாத வைரஸ் என்பது 1933-ல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகியோரால் தெளிவாயிற்று. கண்ணுக்குத் தெரியாத குற்றவாளியின் பக்கத்தில் நின்றவனைப் பிடித்துக் கூண்டில் ஏற்றிய வழக்கு இது. ஆனால் நின்றவன் நிரபராதியும் அல்லன். அதே கிருமியின் ஒரு வகை, பச்சிளங் குழந்தைகளுக்கு மூளைச்சவ்வு வீக்கத்தையும் நிமோனியாவையும் கொடுத்துக் கொல்வது. அதைத் தடுக்கும் மருந்தடங்கிய ஐந்து வியாதி ஊசி 2011 டிசம்பரில் இந்தியாவில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் குழந்தைகளுக்குப் போட ஆரம்பிக்கப்பட்டது. தன் பெயரில் இன்புளூயன்ஸாவை இன்றும் சுமந்து நிற்கும் அக்கிருமியின் உறையிலும் லிப்பிட் ஏ இருக்கிறது.

1899-ல் ஃபைஃபர் கெனிக்ஸ்பெர்க் சர்வகலாசாலையில் சுகாதார சாஸ்திரப் பேராசிரியரானார். 1909-ல் ப்ரெஸ்லாவுக்கு மாறி, ஓய்வு பெறும் வரையில் அங்கேயே இருந்தார். லண்டன் ராயல் சங்கம் அவரை அந்நிய அங்கத்தினராகச் சேர்த்துக் கௌரவித்தது. தாம் இன்புளூயன்ஸாவுக்குக் காரணமென்று சொன்ன கிருமி காரணமல்ல என்று நிரூபணமானதைப் பார்க்கும் அளவுக்கு அவருக்கு ஆயுள் நீண்டது. தாம் கண்ட உள்விஷத்தின் ரஸாயனம் விளங்குவதைப் பார்க்கும் அளவுக்கு நீளவில்லை.

1945 மே மாதத்தில் மூன்று மாத முற்றுகைக்குப் பின் ப்ரெஸ்லா நகரம் ருஷ்ய சைனியத்திடம் வீழ்ந்தது. அவ்வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி, ஸைலீஷியாவில் லாண்டெக் என்னும் நீரூற்று ஊரில், 87-ம் வயதில் ஃபைஃபர் காலமானார். அவர் பிறந்த ஸ்துனியும், இறந்த லாண்டெக்கும், பதினாறு வருஷத்துக்கு மேல் பாடம் சொன்ன ப்ரெஸ்லாவும் இன்று போலந்து தேசத்தைச் சேர்ந்தவை. கெனிக்ஸ்பெர்க் ருஷ்யாவைச் சேர்ந்துவிட்டது.